கிரைண்டரை யார் கழுவியது?

என் கணினியில் ‘வெட்டியது’ என்ற பெயரில் ஒரு போல்டர் இருக்கிறது. இரண்டரை ஆண்டுகள் ஒரு தமிழ் பாட்காஸ்டுக்கு ஒலித்தொகுப்பு செய்து கொடுத்தேன். சொந்தத் தொழில் நடத்தும் பெண்களையும் நிறுவனங்களில் பெரிய பொறுப்பில் இருக்கும் பெண்களையும் அழைத்து, மைக் முன்னால் உட்கார வைத்து, ‘உங்க ஜர்னி பத்திச் சொல்லுங்க மேம்’ என்று கேட்கும் நிகழ்ச்சி. ஒன்றேமுக்கால் மணி நேரம் பேசுவார்கள். நான் அதை 40 நிமிடமாக்குவேன். இருமல், ‘வந்து... வந்து’, ஏசி இரைச்சல், நடுவில் அடித்த போன் எல்லாம் குப்பைக்குப் போகும். ஆனால் முழுப் பேச்சாக இருந்து வெட்டப்பட்ட துண்டுகளை நான் அழிக்கவில்லை. முதலில் சோம்பலால் விட்டுவைத்தேன். பிறகு வேண்டுமென்றே சேர்த்தேன். 61 எபிசோடுகள். போல்டரில் இப்போது 19 மணி நேரப் பேச்சு இருக்கிறது.

இந்தக் கட்டுரை அந்தப் போல்டரிலிருந்து வருகிறது. பேசியவர்களின் பெயரையும் ஊரையும் மறைத்துத்தான் எழுதுகிறேன். அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் சொன்னார்கள். வெட்டியது நான்.

முதல் துண்டு மசாலாப் பொடி நிறுவனம் நடத்தும் ஒருவருடையது. நல்ல பேச்சு, தயக்கமில்லாத குரல். தொழில் தொடங்கிய முதல் வருடத்தைப் பற்றிச் சொல்லும்போது இப்படிச் சொன்னார்: “குழந்தைக்கு எட்டு மாசம். மெஷின் பார்க்க, சரக்கு பார்க்கன்னு நான் காலையில கிளம்பிருவேன். பக்கத்துத் தெருவுல ஒரு அக்கா. அவங்கதான் குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்க வெச்சு எல்லாம். மாசம் 1,500 ரூபா குடுத்தேன். அவங்க பிள்ளைய அவங்க யார்கிட்ட விட்டுட்டு வந்தாங்கன்னு நான் ஒரு நாளும் கேக்கல.” அதற்குப் பிறகு பதினோரு நொடி மௌனம். திரையில் மௌனம் ஒரு நேர்கோடாகத் தெரியும். தயாரிப்பாளர் அனுப்பிய குறிப்பில், ‘எமோஷனலா இருக்கு, ஆனா ட்ராக் மாறுது, எடுத்துடலாம்’ என்று இருந்தது. எடுத்துவிட்டேன். ஒலிபரப்பான எபிசோடில் எட்டு மாதக் குழந்தையிலிருந்து முதல் ஏற்றுமதி ஆர்டருக்கு நான்கு நொடி பியானோ இசையில் போய்விடலாம்.

அதை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். அம்மா வில்லிவாக்கத்தில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறார். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பாதி கேட்டுவிட்டு, “நல்லாத்தான் பேசுது அந்தப் பொண்ணு. கிரைண்டர யாரு கழுவுனாங்கன்னு சொல்லவே இல்லியே?” என்றார்.

“அது மசாலாப் பொடிம்மா. மெஷின்ல அரைக்கிறது.”

“அந்த மெஷினையும் யாராவது கழுவணும்ல?”

இந்த நிகழ்ச்சிகளின் மீது எனக்குள்ள வழக்கு முழுவதும் இதுதான். ஒரு தொழில் நடக்கப் பணம் வேண்டும், கைகள் வேண்டும். நிகழ்ச்சி இரண்டையும் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சமிருப்பதற்குத் தன்னம்பிக்கை என்று பெயர் வைக்கிறது. கேட்கிற பெண்ணிடம் பணமும் கைகளும் இல்லாதபோது, தனக்கு இல்லாதது தன்னம்பிக்கைதான் என்று அவள் நம்பத் தொடங்குகிறாள்.

‘உங்க கணவர் எப்படி சப்போர்ட் பண்றாங்க?’ என்ற கேள்வியைப் பற்றி நாம் நிறையச் சிரித்தாயிற்று. ஆண் முதலாளியிடம் இதைக் கேட்பீர்களா என்று எழுதியாயிற்று, மீம் போட்டாயிற்று. எனக்கு இப்போது அந்தக் கேள்வி மீது வேறு அபிப்பிராயம் இருக்கிறது. முழு நிகழ்ச்சியிலும் அடுத்தவருடைய உழைப்பையும் பணத்தையும் தொட்டுப் பார்க்கும் ஒரே கேள்வி அதுதான். கேட்கும் விதம்தான் கோணல். நன்றி சொல்ல வாய்ப்புக் கொடுப்பதுபோலக் கேட்கிறார்கள். கணக்குக் கேட்பதுபோலக் கேளுங்கள். அவர் எவ்வளவு ரூபாய் போட்டார்? கடன் யார் பெயரில்? நிறுவனத்தில் உங்கள் பங்கு எத்தனை விழுக்காடு, அவருடையது எத்தனை? நாளைக்கு இருவருக்கும் சரிப்படவில்லை என்றால் கடை யாருக்கு? ஒரே ஒரு முறை, ஒரு விருந்தினர் தானாகவே இதைச் சொன்னார். “ஜிஎஸ்டில பேரு என்னோடது. செக்குல கையெழுத்து அவரோடது.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அது 23ஆம் எபிசோடு. அந்தத் துண்டும் போல்டரில்தான் இருக்கிறது.

பணத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ஒரு தொகையைச் சொல்வார்கள். 5 லட்சத்தில் ஆரம்பித்தேன், 2 லட்சத்தில் ஆரம்பித்தேன், கையில் இருந்த சேமிப்பில் ஆரம்பித்தேன். தொகை சின்னதாக இருந்தால் தலைப்பில் வரும். தொகைக்குப் பின்னால் வருகிற வாக்கியம் என்னிடம் வரும், வெட்டுவதற்கு. ‘அப்பா ஒரு மனைய வித்தாங்க.’ ‘மாமனார் கடைக்கு மேல மாடி சும்மா இருந்துச்சு, வாடகை கிடையாது.’ ‘அண்ணன் அமெரிக்காவுல இருந்து அனுப்பினான்.’ இவை குற்ற ஒப்புதல்கள் இல்லை. அப்பா கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். மகனுக்குக் கொடுக்கிற அப்பாக்கள் நிறைந்த ஊரில் மகளுக்கு மனையை விற்றுக் கொடுத்த அப்பா ஒரு செய்தி. அந்தச் செய்தியை ஏன் மறைக்க வேண்டும்? கேட்டுக்கொண்டிருக்கும் மாணவிக்கு அதைவிடப் பயனுள்ள தகவல் அந்த 40 நிமிடத்தில் வேறு என்ன இருக்கிறது?

பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அது சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின. 1989 மார்ச் 25 முதல் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு. அந்தத் தேதிக்கு முன்பே திருமணமான மகள்களுக்குக் கிடையாது. என் அம்மாவுக்கு 1987இல் திருமணம். 2005இல் மத்திய அரசின் திருத்தம் வந்து அந்தத் தடை போனது. ஆனால் அதற்குள் தாத்தாவின் நிலம் மாமாக்களுக்குள் பத்திரப் பதிவு ஆகி முடிந்திருந்தது. அம்மா விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். போடாவிட்டால் பிறந்த வீட்டு வாசல் இருக்காது. உங்கள் வீட்டிலும் அத்தையோ பெரியம்மாவோ இந்தக் கையெழுத்தைப் போட்டிருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள்.

அதே 1989இல்தான் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் அரசுத் திட்டமாகத் தொடங்கின. ஒரே ஆண்டில் பெண்களிடம் இரண்டு காகிதங்கள் நீட்டப்பட்டன. ஒன்றில் சொத்து, இன்னொன்றில் கடன். எது வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது என்று தெருவில் நின்று பார்த்தாலே தெரியும். 2015இல் வந்த முத்ரா திட்டத்திலும் கடன் கணக்குகளில் பெரும்பான்மை பெண்களுடையவை என்று அரசே பெருமையாகச் சொல்கிறது. அதன் முதல் படியான ‘சிசு’வில் உச்சவரம்பு 50,000 ரூபாய். ஒரு பெரிய டில்டிங் கிரைண்டரும் ஒரு பிரிட்ஜும் வாங்கினால் தீர்ந்துவிடும். அதற்கு மேல் வளர வேண்டும் என்றால் வங்கி எதையாவது அடமானமாகப் பார்க்கிறது. அடமானம் வைக்கப் பத்திரம் வேண்டும். பத்திரம் மாமாக்களிடம் இருக்கிறது.

பெண்கள் மறைக்கிறார்கள், பொய் சொல்கிறார்கள் என்று யாராவது இதைப் படித்துவிட்டுச் சொல்ல வேண்டாம். பட்ரிசியா நாராயணை எடுத்துக்கொள்ளுங்கள். மெரினாவில் தள்ளுவண்டியில் தொடங்கி உணவகங்கள் நடத்தும் நிலைக்கு வந்தவர். 2010இல் இந்திய வர்த்தக, தொழில் கூட்டமைப்பின் சிறந்த பெண் தொழில்முனைவோர் விருது பெற்றவர். அவரைப் பற்றி எங்கே கேட்டாலும் ‘முதல் நாள் வருமானம் 50 காசு’ என்றுதான் தொடங்கும். ஆனால் அவர் தன் கதையைச் சொல்லும்போது அந்த 50 காசுக்கு முன்னால் ஒன்று சொல்கிறார். அரசு வேலையில் இருந்த அம்மாவிடம் சில நூறு ரூபாய் கடன் வாங்கி ஊறுகாயும் ஜாமும் செய்ததையும், அவற்றை அம்மாவின் அலுவலகத்திலேயே விற்றுத் தீர்த்ததையும் சொல்கிறார். சம்பளம் வாங்கும் ஒரு தாய், அந்தத் தாயின் சக ஊழியர்கள். இதைவிட உருப்படியான தொழில் பாடம் உண்டா? திருப்பிச் சொல்கிறவர்களுக்கு 50 காசுதான் இனிக்கிறது. அம்மாவின் அரசு வேலை இனிக்கவில்லை.

இந்த வடிவம் நம் ஊரில் பிறந்ததும் இல்லை. 2013இல் ஷெரில் சாண்ட்பெர்க்கின் ‘லீன் இன்’ வந்தது. 2014இல் ‘கேர்ள்பாஸ்’ என்ற புத்தகம் வந்து ஒரு தலைமுறைக்கே அந்தப் பெயரைச் சூட்டியது. அதை எழுதியவர் தொடங்கிய துணி நிறுவனம் 2016இல் திவால் மனு கொடுத்தது. கருவுற்ற ஊழியர்களை வேலையிலிருந்து நீக்கியதாக அதற்கு முந்தைய ஆண்டே வழக்கு வந்திருந்தது. ‘ஹவ் ஐ பில்ட் திஸ்’ என்ற அமெரிக்க வானொலி நிகழ்ச்சி 2016 செப்டம்பரில் தொடங்கியபோது முதல் விருந்தினர் ஒரு பெண், 5,000 டாலர் சேமிப்பில் உள்ளாடை நிறுவனம் தொடங்கியவர். அந்த நிகழ்ச்சியில் ஒவ்வொருவரிடமும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. உங்கள் வெற்றியில் உழைப்பு எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு? எங்கள் தயாரிப்பாளருக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடிக்கும். நாங்களும் கேட்டோம். விருந்தினர்கள் அடக்கத்தோடு ‘கடவுள் அருள்’ என்றார்கள். அப்பா விற்ற மனை அதிர்ஷ்டக் கணக்கில் போய்விட்டது. வானத்திலிருந்து பெய்த மழைபோல.

சாதியைப் பற்றி 61 எபிசோடில் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. கேட்கவே வேண்டாம், பேச்சிலேயே இருக்கும். ‘எங்க வீட்டுக் கைப்பக்குவம்’, ‘பாட்டி காலத்து ரெசிபி’, ‘எங்க கம்யூனிட்டி ஸ்டைல் சமையல்’. உணவுத் தொழில் செய்யும் பெண்கள்தான் எங்கள் விருந்தினர்களில் அதிகம். சாதிப் பெயரையே பாக்கெட்டில் அச்சடித்துச் சாம்பார் பொடி விற்கலாம், அது தரச் சான்றிதழ் மாதிரி வேலை செய்யும். எந்தச் சாதிகளின் பெயர்கள் அப்படி வேலை செய்யும், எவை செய்யாது என்பது படிக்கிற உங்களுக்குத் தெரியும். 2018இல் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த தலித் பெண்ணை எதிர்த்து ஆதிக்கசாதிப் பெற்றோர் பள்ளியையே மறித்தார்கள். சமைத்தது அரசாங்க அரிசி, அரசாங்கப் பருப்பு. அந்தப் பெண் ஓர் ஊறுகாய் பாட்டிலில் தன் பாட்டியின் கைப்பக்குவம் என்று எழுதி விற்க எவ்வளவு தன்னம்பிக்கை தேவைப்படும்? எங்கள் விருந்தினர் ஒருவர் தலித் பெண். தோல் பைகள் செய்கிறார், நன்றாக விற்கிறது. தன் நிறுவனத்தின் ‘எங்களைப் பற்றி’ பக்கத்தில் ஏன் தன் குடும்பப் படம் இல்லை என்று அவரே விளக்கினார். இரண்டு நிமிடம் பத்து நொடி. அந்தக் குறிப்பில் ‘சென்சிட்டிவ்’ என்று ஒரே சொல் இருந்தது.

இனி கைகள். தேசிய புள்ளியியல் அலுவலகத்தின் நேரப் பயன்பாட்டு ஆய்வு 2019இல் நடந்தது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலை செய்ததாகச் சொன்னவர்களின் சராசரி மட்டும்தான். 2024 ஆய்வில் பெண்கள் 289 நிமிடம். பத்து நிமிடம் குறைந்துவிட்டது, பரவாயில்லையே என்று பார்த்தால் ஆண்களுடையது 88 ஆகியிருக்கிறது. அவர்களும் ஒன்பது நிமிடம் குறைத்துக்கொண்டார்கள். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் வீட்டில் நிற்கிற ஒருத்தி நிறுவனம் நடத்துகிறாள் என்றால் அந்த ஐந்து மணி நேரத்தை வேறொருத்தி நின்றிருக்கிறாள். மாமியார், அம்மா, நாத்தனார், சமையல்கார அக்கா, பெரிய மகள். ‘டைம் மேனேஜ்மென்ட்’ என்று நிகழ்ச்சியில் சொல்வது பெரும்பாலும் இந்த இன்னொருத்தியைத்தான்.

நிறுவனத்துக்குள்ளும் கைகள் உண்டு. ‘நாற்பது பெண்களுக்கு வாழ்வு கொடுத்திருக்கேன்’ என்று சொல்லாத விருந்தினர் குறைவு. ஏன் பெண்களையே வேலைக்கு எடுக்கிறீர்கள் என்று ஒருவரிடம் கேட்டோம். உள்ளபடியே பதில் சொன்னார். “பெண்கள்னா பொறுமை. அப்புறம் சம்பளம் ரொம்பக் கேக்க மாட்டாங்க. பக்கத்துலயே வேலைன்னா வீட்டுல விடுவாங்க, அதனால வேற எடத்துக்குப் போகவும் மாட்டாங்க.” தயாரிப்பாளர் சொல்லாமலே இதை நான் வெட்டினேன். அந்த அம்மாவைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியது. பாவம், வாய் தவறிச் சொல்லிவிட்டார், நாலு பேர் திட்டுவார்கள் என்று. அன்றிரவு தூங்கும்போதுதான் உறைத்தது. அந்த நாற்பது பேரில் ஒருத்தி அந்த எபிசோடைக் கேட்டிருந்தால் தன் சம்பளம் ஏன் ஏறவில்லை என்று முதலாளியின் வாயாலேயே அறிந்திருப்பாள். நான் யாரைக் காப்பாற்றினேன்?

துணிக்கடைகளில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் பெண்கள் உட்கார ஒரு நாற்காலி வேண்டும் என்பதற்கு 2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. உட்காருவதற்கு ஒரு சட்டம். பெண் முதலாளிகளின் கடைகள் அதற்கு விலக்காக இருந்தன என்று நான் கேள்விப்பட்டதில்லை. பெண் முதலாளி வந்தாலே எல்லாம் மாறிவிடும் என்று அவர்கள் மேல் ஏற்றுவதும் அநியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘பெண் தலைமை’ என்று பெயர் வைத்து விளம்பரதாரர் பிடிக்கிற நிகழ்ச்சி, அந்தத் தலைமையின் கீழ் வேலை செய்கிறவளிடம் ஒரு தடவையாவது மைக்கைத் திருப்பலாம்.

ஒரு வெட்டு மட்டும் சரி. ஒருவர் வங்கியில் கடனுக்கு அலைந்த கதையைச் சொன்னார். அந்த அதிகாரி மாலை ஆறு மணிக்கு மேல் வரச் சொன்னதையும், தான் போகாமல் விட்டதால் கடன் ஏழு மாதம் தள்ளிப் போனதையும் சொன்னார். மறுநாள் காலை அழைத்து, “வேணாம்பா, எடுத்துருங்க, வீட்டுல யாருக்கும் தெரியாது” என்றார். எடுத்தேன். இன்னொரு முறை கேட்டாலும் எடுப்பேன். தன் பேச்சைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவருக்கு உரிமை இருக்கிறது. மற்ற 18 மணி சொச்சத்தையும் யாரும் திரும்பக் கேட்கவில்லை. பேசியவர்கள் அது வரும் என்று எதிர்பார்த்தார்கள். சிலர் பிறகு, ‘அந்தப் பகுதி வரலையே’ என்று செய்திகூட அனுப்பினார்கள்.

என்ன சொன்னாலும் இந்த நிகழ்ச்சிகள் நாலு பெண்களுக்கு ஊக்கம் தருகின்றனவே என்பார்கள். தருகின்றன. இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு நானே பேருந்தில் இவற்றைக் கேட்டவள்தான். ஒரு பெண் தமிழில், கூச்சமில்லாமல், ‘போன வருஷம் டர்ன்ஓவர் மூணு கோடி’ என்று சொல்வதை முதன்முதலில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் வீடுகளில் பெண்கள் பணத்தைப் பற்றிப் பேசினால் அது கடுகு டப்பாவில் ஒளித்து வைத்ததைப் பற்றித்தான் இருக்கும். கோடி என்ற சொல்லை ஒரு பெண் குரல் சொல்வது சின்ன விஷயம் இல்லை. அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆற்றாமை. கோடியைச் சொல்ல வைத்தவர்கள் முதல் லட்சம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல விடாமல் செய்துவிட்டார்கள்.

ஊக்கம் கேட்பவளிடம் போய் என்ன செய்கிறது என்பதற்கு என்னிடம் ஒரு கடிதம் இருக்கிறது. நிகழ்ச்சிக்கு வரும் செய்திகளையும் நான்தான் படிப்பேன், தனிச் சம்பளம் கிடையாது. ஒரு சின்ன ஊரிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். குழுக்கடன் 35,000 ரூபாய் எடுத்து தையல் மெஷினும் துணியும் வாங்கியிருக்கிறார். மூன்று வருடம். கணவர் குடிப்பார் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். வட்டி கட்டுகிறார், தைக்கிறார், மீள முடியவில்லை. கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: ‘உங்க எபிசோடு எல்லாம் ரெண்டு தடவ கேட்டுட்டேன் அக்கா. அவங்க எல்லாரும் என்ன விடக் கஷ்டத்துல இருந்து வந்திருக்காங்க. எனக்கு மட்டும் ஏன் முடியல? எனக்கு மைண்ட்செட் சரியில்லன்னு நினைக்கிறேன். மைண்ட்செட் மாத்துறதுக்கு ஏதாவது எபிசோடு இருந்தா அனுப்புங்க.’

அவர் இரண்டு தடவை கேட்டதாகச் சொன்ன எபிசோடுகளில் ஒன்று மசாலாப் பொடி. இன்னொன்று மாடி வாடகை இல்லாத கடை. அவருடைய கேள்விக்கான பதில் முழுவதும் என் கணினியில், ஒரு போல்டரில், தேதி வாரியாக இருந்தது. நான், ‘நன்றி சகோதரி, தொடர்ந்து கேளுங்கள்’ என்று பதில் அனுப்பினேன். அதுதான் எங்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்த பதில்.

அந்த வாரம் தயாரிப்பாளரிடம் பேசினேன். அவரும் பெண்தான், அவருக்கும் மேலே விளம்பரதாரர் இருக்கிறார், அதையும் சொல்ல வேண்டும். “நம்ம ஆடியன்ஸ் பாசிட்டிவா ஏதாவது கேக்கத்தான் வர்றாங்கப்பா. அழுகையக் கேக்கணும்னா சீரியல் இருக்கு” என்றார். கணக்கு எப்படி அழுகையாகும் என்று கேட்டேன். யார் பணம், யார் கை, என்ன கூலி. இதில் அழுகை எங்கே இருக்கிறது? பதில் இல்லை. அப்போது எனக்கு ஓர் எபிசோடுக்கு 3,000 ரூபாய். இரண்டு மாதம் பாக்கி இருந்தது. பெண்கள் தங்கள் மதிப்பை அறிந்து சம்பளம் கேட்க வேண்டும் என்ற தலைப்பில் வந்த எபிசோடுக்கான பணமும் அதில் அடக்கம்.

தலைமை என்ற சொல்லுக்கு வருகிறேன். அதை மேலாளர் பதவிக்கு மட்டும் நேர்ந்துவிட்டது யார்? 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலை பறிக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழ் தலித் பெண்கள், போனஸைக் குறைத்ததை எதிர்த்துச் சாலையில் உட்கார்ந்தார்கள். பேச வந்த ஆண் தொழிற்சங்கத் தலைவர்களை விரட்டிவிட்டார்கள். ஒன்பது நாள். போனஸும் கருணைத் தொகையுமாகக் கேட்ட 20 விழுக்காடு வந்தது. பெம்பிளை ஒருமை என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். கொழுந்து பறிக்கப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. ஆயிரக்கணக்கான பெண்கள் ஒன்பது நாள் எப்படிச் சாப்பிட்டார்கள், பிள்ளைகளை எங்கே விட்டார்கள், முதலில் எழுந்து ‘வேலைக்குப் போகாதே’ என்று சொன்னது யார், அவளுக்குப் பயமாக இருந்ததா? ‘லீடர்ஷிப் ஜர்னி’ என்றால் இதைக் கேட்க வேண்டாமா?

திண்டுக்கல்லில் 2021 ஜனவரியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த 20 வயது தலித் பெண் கொல்லப்பட்டார், அவருடைய மேற்பார்வையாளரால். அதற்குப் பிறகு பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் ஓராண்டுக்கு மேல் போராடி, 2022 ஏப்ரலில் அந்த ஆலை நிறுவனத்தையும் பன்னாட்டு வணிக நிறுவனத்தையும் திண்டுக்கல் ஒப்பந்தம் என்ற ஒன்றில் கையெழுத்துப் போட வைத்தது. மேற்பார்வையாளர்களின் அத்துமீறலைக் கண்காணிக்கத் தொழிலாளிகளிலிருந்தே பெண்கள் பயிற்றுவிக்கப்பட்டார்கள். மெஷின் ஓட்டும் ஒரு பெண் மேற்பார்வையாளரைப் பார்த்து ‘இப்படிப் பேசக் கூடாது’ என்று சொல்லி, மறுநாளும் வேலையில் இருக்கிறாள். இதற்கு எத்தனை எபிசோடு வேண்டும் என்று சொல்லுங்கள், நான் பணம் வாங்காமல் தொகுத்துத் தருகிறேன். அந்தச் சங்கத்தை அழைக்கலாம் என்று நான் எழுதிக் கொடுத்த குறிப்புக்கு ‘நம்ம நிஷ் இல்ல’ என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு இரண்டு எபிசோடு செய்தேன். விட்டுவிட்டேன். வீரமாக ஒன்றும் விடவில்லை, வேறு வேலை கிடைத்ததும்தான் விட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானே கேட்டுப் பார்ப்போம் என்று போனை மேசையில் வைத்து அம்மாவைப் பேச வைத்தேன். 2013–14 பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெண்கள் நடத்தும் தொழில்கள் சுமார் 80 லட்சம், அதில் தமிழ்நாடுதான் முதலிடம். ஐந்தில் நான்குக்கும் மேல் கூலிக்கு ஆள் வைக்காதவை. அம்மாவுடையதும் அப்படித்தான். யாரும் எந்த நிகழ்ச்சிக்கும் அழைக்காத தொழில்முனைவோர். ‘உங்க ஜர்னி பத்திச் சொல்லுங்க’ என்று கேட்டதும் அம்மா, “என்னடி ஜர்னி, வில்லிவாக்கத்த விட்டு எங்க போனேன்” என்றார். சரி, கணக்குக் கேட்போம் என்று மாறினேன். முதல் கிரைண்டர் யார் பணம்? வளையல் அடகு வைத்தது. வளையல் யாருடையது? பாட்டியுடையது, அவர் கேட்காமலே கழற்றிக் கொடுத்தாராம். அரிசி ஊறப் போடுவது, உளுந்து களைவது, நாலு மணிக்கு எழுவது எல்லாம் அம்மா. பாக்கெட் போடுவது அப்பா, அவருக்கு வேலை போன பிறகு.

“கிரைண்டர யாரு கழுவுனாங்க?” என்று கேட்டேன். அவருடைய கேள்வியை அவரிடமே கேட்பதாக நினைத்துக்கொண்டு.

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். “நீதான் கழுவுன. ஏழாவதுல இருந்து. மறந்துட்டியா?”

மறந்துதான் போயிருந்தேன். குழவியைத் தூக்கி வைத்துவிட்டு உள்ளே கைவிட்டு வழித்தது, நகக்கண்ணில் மாவு காய்ந்து வகுப்பில் சுரண்டிக்கொண்டிருந்தது, பரீட்சை நாட்களிலும் கழுவிவிட்டுப் போனது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம், ஆறு வருடம். ஒரு கிலோ மாவு அப்போது என்ன விலைக்கு விற்றார், அதில் என் கூலி எவ்வளவு சேர்த்திருந்தார் என்று கேட்டேன். “உன் கூலியா?” என்று அம்மா சிரிக்க ஆரம்பித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். பதிவு அங்கே ஒரு மணி நேரம் நாற்பது நிமிடத்தில் நிற்கிறது. அதில் ஒரு நொடிகூட வெட்டவில்லை.